நெடுவாவியின் கரியான் மீன்கள்

கேட்பவர் காது குளிரட்டும்; சொல்பவன் நாக்குப் பிறழாதிருக்கட்டும். இது நேற்று முந்தாநாள் நடந்த கதையல்ல. இன்றைக்கு இருக்கிற ஊர்களில் பாதி கடலாகவும், இன்றைக்கு இருக்கிற கடலில் பாதி ஊராகவும் இருந்த காலத்துக் கதை.

அப்போது கழிமுக நாடு என்று ஒரு நாடு இருந்தது. திண்தேரன் என்ற அரசன் அதை ஆண்டு வந்தான். நாட்டின் கிழக்கு எல்லையில் நெடுவாவி என்றொரு ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு மணல்மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் வாயில் வைக்க முடியாத உப்புநீர். இந்தப் பக்கம் இளநீர் போன்ற நல்ல தண்ணீர்.

அந்த ஏரியில் பொன்வரிக் கெண்டை என்ற மீன் இருந்தது. முழங்கை நீளம் வளரும். விலாவில் தலை முதல் வால் வரை ஒரு பொன் கோடு ஓடும். வெயில் பட்டால் ஏரியே நகை போட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும். ஏரிக்கரையில் அறுபது வீடுகள். அறுபது வீடும் அந்த மீனால் உண்டு, அந்த மீனால் உடுத்தி, அந்த மீனின் பெயரைச் சொல்லிக் குழந்தைகளைத் தூங்கவைத்தன.

அந்த ஊரில் கொற்றி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் நன்னாகன் வலை வீசுவான். அவள் தம்பி அழிசியும் வலை வீசுவான். பிடித்து வந்த மீனைக் கரையில் கொட்டினால், இனம் பிரித்து, அளவு பிரித்து, கூடையில் அடுக்குவது கொற்றியின் வேலை. ஊர் மீன் முழுவதும் அவள் கை வழியாகத்தான் போகும். ஆகவே அந்த மீனின் செதில் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும்.

ஆயிரம் மீன் விழுந்தால் அதில் இரண்டோ மூன்றோ ஒரு மாதிரியாக இருக்கும். உடம்பு குட்டை. முதுகு கறுப்பு. பொன் கோடு இருந்த இடத்தில் புகை படிந்தது போல ஒரு தடம். அதே இனம்தான், அதே தாய் வயிற்றில் பிறந்ததுதான். ஆனால் முள் அதிகம், சதை குறைவு. அதற்கு ஊரார் வைத்த பெயர் கரியான்.

"இதை யார் தின்பார்? தூக்கிப் போடு" என்பார்கள். கொற்றியும் எடுத்து ஏரியில் போட்டுவிடுவாள். இரக்கப்பட்டுச் செய்ததல்ல. கூடையில் இடம் வீணாகக் கூடாதே என்று செய்ததுதான்.

இப்படி இருக்கையில் ஓர் ஐப்பசி மாதம் காற்று எழுந்தது.

முதல் நாள் கூரைகள் போயின. இரண்டாம் நாள் மரங்கள் போயின. மூன்றாம் நாள் விடியும்போது மணல்மேடு போயிற்று. கடல் ஏரிக்குள் நுழைந்தது. படகை இழுத்துக் கட்டப் போன நன்னாகன் திரும்பி வரவில்லை. அவன் உடலும் வரவில்லை.

காற்று ஓய்ந்த பிறகு ஊரார் ஏரியைப் பார்த்தார்கள். கரையிலிருந்து கரை வரை வெள்ளை. செத்துப் புரண்ட மீன்களின் வயிறு. ஏழு நாள் அந்த வெள்ளை கிடந்தது. எட்டாம் நாள் பறவைகள்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

ஊரார் சும்மா இருக்கவில்லை. பனைமரம் நட்டு, மண் கொட்டி, உடைப்பை அடைத்தார்கள். கடல் உடைத்தது. கல் கொண்டு வந்து மறுபடி அடைத்தார்கள். கடல் உடைத்தது. கல்லோடு களிமண்ணும் வைக்கோலும் சேர்த்து மூன்றாம் முறையும் அடைத்தார்கள். கடல் ஒரே அலையில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று.

அதற்குப் பிறகு வீடு வீடாகக் கிளம்பினார்கள். சிலர் மலைப்பக்கம் போனார்கள். சிலர் அரசனின் நகருக்குப் போனார்கள். சிலர் எங்கே போகிறோம் என்று தெரியாமலே போனார்கள். அறுபது வீட்டில் பதினேழு வீடுதான் மிஞ்சியது.

அழிசியும் மூட்டை கட்டினான். அவனுக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும்.

"கிளம்புக்கா. இனி இங்கே என்ன இருக்கு?" என்றான்.

"நீ போடா. என் ஆள் இந்தத் தண்ணிக்குள்ளேதான் இருக்கார். நான் வரலை" என்றாள் கொற்றி.

அழிசி தூக்கிய மூட்டையைக் கீழே வைத்தான். பிறகு மூட்டையை அவிழ்த்தான். தம்பி அப்படிப்பட்டவன்.

மாசி மாதம் ஒரு பகல். அடுப்பெரிக்கக் காய்ந்த நாணல் ஒடிப்பதற்காகக் கொற்றி ஏரியின் வடமூலைக்குப் போனாள். முழங்கால் அளவு தண்ணீர். நாணல் எல்லாம் உப்பில் கருகிப் போய் நின்றது. குனிந்து ஒடிக்கும்போது தண்ணீருக்குள் ஒரு நிழல் அசைந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். குட்டை உடம்பு. கறுத்த முதுகு. சேற்றில் கையளவு ஒரு குழி. குழிக்குள் கடுகு போல முட்டைகள். குழியின் மேலே அந்த மீன் நின்று தன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது.

கொற்றி கையை நீருக்குள் விட்டாள். மீன் ஓடவில்லை. அவள் விரலை வந்து முட்டியது. மறுபடி குழிமேல் போய் நின்றது.

"நீ போகலியா?" என்று கேட்டாள் கொற்றி. "ஊரே போச்சு. நீ போகலியா?"

கேட்டவள் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். நன்னாகன் போன நாளிலிருந்து வராத அழுகை அன்றைக்கு வந்தது. துக்கத்தில் வந்த அழுகை பாதி. மீதிப் பாதிக்கு அவளுக்கே பெயர் தெரியவில்லை. வெறிச்சோடிப் போன வீட்டில் யாரோ ஒருவர் விளக்கேற்றி வைத்திருந்ததைப் பார்த்தது போல இருந்தது அவளுக்கு.

தேடிப் பார்த்தாள். அந்த மூலையில் மொத்தம் பதினொரு குழிகள். பதினொன்றின் மேலும் கரியான்கள்.

செய்தி ஊருக்குத் தெரிந்தது. பதினேழு வீட்டாரும் ஓடி வந்தார்கள். சிலர் கையில் வலை இருந்தது. நான்கு மாதமாக மீன் வாசனை அறியாத வாய்கள். யார்தான் குறை சொல்ல முடியும்?

கொற்றி நாணலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒரு வார்த்தை கேளுங்க. இன்னைக்கு இதைப் பிடிச்சா பதினேழு வீட்டுக்கும் ஒரு வேளைக்குக் காணாது. அப்புறம் இந்த ஏரியிலே மீன்னு ஒண்ணு இருக்காது. இந்த உப்பிலே அத்தனையும் செத்துச்சு, இது சாகலை. இது குஞ்சு பொரிச்சா, அந்தக் குஞ்சும் தாங்குமோ என்னவோ? ஒரே ஒரு ஈடு குஞ்சு பொரிக்க விட்டுப் பார்ப்போம்."

"அதுவரைக்கும் நாங்க எதைத் தின்கிறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கடல் சும்மா வரலை. நண்டு கொண்டு வந்திருக்கு. மட்டி கொண்டு வந்திருக்கு. கரையிலே உமரிக்கீரை முளைச்சிருக்கு. நாமதான் இன்னும் குனிஞ்சு பார்க்கலை."

அரை மனதாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் வலையை மடித்தார்கள்.

அன்று முதல் அந்த ஊரார் புதிதாய்ச் சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள். மட்டியைச் சேற்றில் காலால் துழாவி எடுத்தார்கள். நண்டு வளையில் ஈர்க்குக் கண்ணி வைத்தார்கள். உமரிக்கீரையை முதல் நாள் ஒரு தண்ணீரில் வேகவைத்துத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் வாந்தி எடுத்தன. மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்தால் உப்புப் போகும் என்று பிறகுதான் தெரிந்தது.

குஞ்சுகள் பொரிந்தன. கொற்றி நெருக்கமாகப் பின்னிய கூடை ஒன்றைச் செய்தாள். நூறு குஞ்சுகளை எண்ணி அதில் விட்டு, கூடையை ஏரியிலேயே கட்டி வைத்தாள். ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாள்.

ஏழு உயிரோடு இருந்தன.

ஊரார் முகம் வாடியது. "நூத்துக்கு ஏழா? இதுக்கா வலையை மடிச்சோம்?" என்றார்கள். கொற்றி மட்டும் அந்த ஏழையும் கூடையிலிருந்து விடுவித்தபோது, "உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்" என்றாள்.

மறு வருடம் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தாமும் குழி தோண்டின. குழிகள் முப்பதுக்கு மேல். அந்த முறை குஞ்சு பொரிவதற்கு முன்னால்தான் பெரிய சோதனை வந்தது.

அந்த வருடம் மழை இல்லை. ஏரி வற்றிச் சுருங்கி, உப்பு இன்னும் கூடியது. நண்டுகள் கடலுக்கே திரும்பிப் போயின. மட்டிகள் ஓட்டைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. வீடுகளில் உலை வைக்க ஒன்றும் இல்லை. அழிசியின் கடைசிப் பெண் பூவைக்கு நான்கு வயது. மூன்று நாளாக அது பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது.

அழிசி அக்காவிடம் வந்தான்.

"அக்கா, வலை வீசப் போறேன்."

"இன்னும் ஒரு மாசம் பொறுடா. குஞ்சு வெளியே வந்துரட்டும்."

"ஒரு மாசம் என் பொண்ணு பொறுப்பாளா?" என்று கத்தினான் அழிசி. "உனக்கென்ன தெரியும்? பெத்திருந்தா தெரியும்!"

சொன்ன சொல் அவனையே சுட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை, சூரியன் தண்ணீரைத் தொடும் நேரம், அழிசி வடமூலைக்குப் போனான். வலையை வீசினான். அவன் கை தேர்ந்த கை. வலை வட்டமாக விரிந்து குழிகளின் மேல் விழுந்தது. மெல்ல இழுத்தான்.

கரையோரம் நின்ற மீன்கள் சிதறின. சில வலையில் சிக்கித் துள்ளின. ஒரு மீன் மட்டும் நகரவில்லை. வலையின் விளிம்பில் கனத்துக்குக் கட்டிய மணிக்கல் அதன் முதுகில் உரசியது. ஒரு செதில் பெயர்ந்து தண்ணீரில் மிதந்தது. அப்போதும் அது குழிமேல் நின்று முட்டைகளை விசிறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இடம் இருந்தது, ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

அழிசியின் கை நின்றது. கசந்துபோன தண்ணீரில், சுருங்கிப்போன ஏரியில், தின்னவும் ஒன்றும் இல்லாமல் அது யாருக்காக நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு இழுக்க முடியவில்லை. விடவும் முடியவில்லை. கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றான்.

பின்னால் சலசலப்புக் கேட்டுத் திரும்பினான். கொற்றி வந்துகொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு கை மட்டி இருந்தது. விடியும் முன்பிருந்தே எங்கெங்கோ துழாவி, உயிரோடு மிஞ்சியவற்றைப் பூவைக்காகச் சேர்த்தது.

"அக்கா, நேத்து நான் சொன்னதை மனசிலே வச்சுக்காதே" என்றான் அழிசி.

"அதை விடு. கயிறு தளராமப் பிடி" என்றாள் கொற்றி.

அவள் வலைக்குள் கை விட்டாள். குழிமேல் நின்றவற்றை ஒவ்வொன்றாக விடுவித்தாள். குழி இல்லாமல் சும்மா திரிந்து அகப்பட்ட மீன்கள் இரண்டு. அவற்றை மட்டும் எடுத்துத் தம்பி கையில் வைத்தாள்.

"இது முட்டை காக்கிறது இல்லை. கொண்டுபோய்ப் பூவைக்குச் சாறு வச்சுக் கொடு. சாகிற பிள்ளைக்குக் கொடுக்காத மீனைக் காப்பாத்தி யாருக்கு வைக்கப் போறோம்?"

அன்று மதியம் பூவை சாறு குடித்தாள். மறுநாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் வாசலுக்கு வந்து, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் அழுதார்கள். அழிசி மட்டும் எழுந்து ஏரிப்பக்கம் போனான். என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து வடமூலைக்குக் காவல் நின்றவன் அவன்தான்.

அந்த வருடக் கூடையில் நூற்றுக்கு முப்பத்தொன்று உயிரோடு இருந்தன. அதற்கடுத்த வருடம் நூற்றுக்கு எண்பத்து நான்கு.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எந்த மீனும் ஒரு காலையில் எழுந்து, இனி நான் உப்பைத் தாங்குவேன் என்று முடிவு செய்யவில்லை. தாங்காதவை போயின. தாங்கியவை நின்றன. நின்றவற்றின் குஞ்சுகளில் பெற்றவரைப் போலத் தாங்குபவை கூடுதல். அவற்றின் குஞ்சுகளில் இன்னும் கூடுதல். இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக, சாவையும் பிறப்பையும் படியாக வைத்து, அந்த இனம் ஏறி வந்தது. கொற்றி அதைக் கூடையில் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அந்த மூன்றாம் வருடத்தில்தான் அரசன் வந்தான்.

காற்று உடைத்தது நெடுவாவியை மட்டுமல்ல. நாடு முழுவதும் உடைந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சீர்செய்துகொண்டு கடைசி எல்லைக்கு வந்து சேர அவனுக்கு அத்தனை நாள் ஆயிற்று. வெறுங்கையோடு வரவில்லை. நாற்பது வண்டி. வண்டிகள் நிறையப் பானைகள். பானைகள் நிறைய மலைப்பக்கத்து ஆற்றிலிருந்து பிடித்த பொன்வரிக் கெண்டைகள். மூடியைத் திறந்தால் கண் கூசியது. அந்தப் பொன் கோட்டைப் பார்த்து மூன்று வருடமான ஊரார் வாய் பிளந்து நின்றார்கள்.

அரசனோடு வந்த அமைச்சர் பெயர் ஆழ்வினையார். நல்லவர். ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்றே வந்தவர். அவர் ஏரியைப் பார்த்தார். கரியான்களைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இந்த ஏரியின் மீன் கெட்டுவிட்டது. குட்டையாகிவிட்டது, கறுத்துவிட்டது. முதலில் இவை அனைத்தையும் வலை போட்டு அள்ளுங்கள். ஒன்றுகூட மிச்சம் வைக்காதீர்கள். இவற்றோடு கலந்தால் நல்ல மீனும் கெடும். பிறகு நாங்கள் கொண்டு வந்ததை விடுவோம். நெடுவாவி பழையபடி ஆகிவிடும்" என்றார்.

பழையபடி! அந்தச் சொல்லைக் கேட்டதும் ஊரார் கண் பனித்தது. பலர் வலையை எடுக்கவே போய்விட்டார்கள்.

கொற்றி அரசன் முன்னால் வந்து வணங்கினாள்.

"அரசே, எங்களுக்காக அத்தனை தூரம் இந்த மீனைச் சுமந்து வந்தீங்க. அந்த மனசுக்கு நாங்க என்ன கைம்மாறு செய்ய முடியும்? ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். ஒரு பகல் பொறுங்க. மூணு பானை வைப்போம்."

"மூன்று பானையா? எதற்கு?" என்றான் அரசன்.

"என் வாயாலே சொன்னா நம்ப மாட்டீங்க. மீனே சொல்லட்டும்."

அரசனுக்கு அவள் பேச்சுப் பிடித்திருந்தது. சரி என்றான்.

ஆலமரத்து நிழலில் மூன்று பானைகள் வைக்கப்பட்டன. முதல் பானையில் வண்டியில் வந்த ஆற்று நீர். இரண்டாம் பானையில் நெடுவாவி நீர். மூன்றாம் பானையில் உடைப்புக்கு வெளியே மொண்ட கடல் நீர். ஒவ்வொன்றிலும் ஒரு பொன்வரியும் ஒரு கரியானும் விடப்பட்டன. அரசன் பக்கத்தில் ஆசனம் போட்டு உட்கார்ந்தான்.

வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் கடல் நீர்ப் பானையில் பொன்வரி தடுமாறியது. மென்று முடிப்பதற்குள் புரண்டது. ஏரி நீர்ப் பானையில் அது உச்சிப்பொழுதுவரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் வயிற்றைக் காட்டியது. ஆற்று நீரில் மட்டும் பொன்வரி உலாவிக்கொண்டிருந்தது.

கரியான்கள்? ஆற்று நீரில் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. ஏரி நீரில் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. கடல் நீரில் இருந்தது துள்ளவில்லைதான். அடியில் ஒடுங்கிக் கிடந்தது. ஆனால் அதன் செவுள் மூடித் திறந்து, மூடித் திறந்து, பொழுது சாயும்வரை ஓயவில்லை.

ஆழ்வினையார் மூன்று பானையையும் மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் கெட்டது என்று சொன்ன மீன்தான் கெடாமல் நின்ற மீன். நீ தடுக்காமல் இருந்தால், இன்று மாலைக்குள் இந்த ஏரியை நானே வெறுமையாக்கியிருப்பேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே செய்திருப்பேன்" என்றார்.

"நீங்க நல்லதை நினைச்சுத்தான் வந்தீங்க, ஐயா" என்றாள் கொற்றி. "நாங்களும் ஒரு காலத்திலே இதைக் கூடையிலே சேர்க்காம எறிஞ்சவங்கதான். எறிஞ்ச எங்க மேலே இது கோவிச்சுக்கலை. அதுக்குத்தான் நாம கும்பிடணும்."

அரசன் அவளைப் பார்த்துக் கேட்டான்.

"இந்த மீன்களுக்கு உப்பில் வாழ எப்படிக் கற்றுக்கொடுத்தாய்?"

"நான் ஒண்ணும் கத்துக்கொடுக்கலை, அரசே. எங்க ஊருக்கு வந்த பசியிலேயும் நாங்க அதைப் பிடிக்காம இருந்தோம். அவ்வளவுதான் நாங்க செஞ்சது. மீதியெல்லாம் அது செஞ்சது."

அரசன் ஆசனத்தை விட்டு எழுந்தான். பிறகு, "மூன்று வரம் கேள். தருகிறேன்" என்றான்.

"குஞ்சு பொரிக்கிற காலத்திலே இந்த வடமூலையிலே என்னைக்கும் யாரும் வலை போடக் கூடாதுன்னு ஆணை போடுங்க. அது ஒண்ணு."

"தந்தேன்."

"ஊரை விட்டுப் போனவங்க திரும்பி வந்தா, ஏன் போனேன்னு யாரும் அவங்களைக் கேட்கக் கூடாது. அது ரெண்டு."

"தந்தேன். மூன்றாவது?"

கொற்றி யோசித்தாள். ஏரியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் தோளில் உட்கார்ந்திருந்த பூவையைப் பார்த்தாள்.

"மூணாவதா எனக்கு ஒண்ணும் வேண்டாம், அரசே" என்றாள்.

அரசன் உடைப்பை அடைக்கச் சொல்லவில்லை. கொண்டு வந்த பொன்வரிகளை, அவை பிறந்த ஆற்றுக்கே பத்திரமாகத் திருப்பி அனுப்பினான். பானைகளிலிருந்த மூன்று கரியான்களையும் ஆழ்வினையார் தம் கையாலேயே ஏரியில் விட்டார்.

அடுத்த தை மாதம், மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் வலை வீச நாள் குறித்தார்கள். செய்தி எப்படியோ பரவிவிட்டது. மலைப்பக்கம் போனவர்கள் வந்தார்கள். நகருக்குப் போனவர்கள் வந்தார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் போனவர்களும் வந்தார்கள். ஏன் போனாய் என்று யாரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு மூன்று தண்ணீரில் வெந்த உமரிக்கீரையைப் பரிமாறினார்கள். முகம் சுளிக்காமல் தின்றார்கள்.

வலை விழுந்தது. கயிறு கனத்தது. இழுப்பதற்கு முன்னால் எல்லோரும் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். மழைக்கு நன்றி சொல்ல அவர்களிடம் பாட்டு இருந்தது. சூரியனுக்கு நன்றி சொல்லப் பொங்கல் இருந்தது. சாகாமல் நின்ற மீனுக்கு நன்றி சொல்ல அந்த ஊரில் எதுவும் இல்லை. அதனால் அவரவருக்குத் தோன்றியபடி செய்தார்கள். ஒருத்தி இரண்டு உள்ளங்கையையும் தண்ணீரில் வைத்துக்கொண்டாள். ஒருவர் "தாயே" என்றார். அழிசி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். கொற்றி, "போகாம இருந்தீங்களே" என்று மட்டும் சொன்னாள். அதை மீன்களுக்குச் சொன்னாளா, தண்ணீருக்குள் இருக்கும் தன் ஆளுக்குச் சொன்னாளா, பதினேழு வீட்டாருக்குச் சொன்னாளா, யாருக்கும் தெரியாது.

பிறகு அறுபது வீட்டாரும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: உலகம் மாறும்போது தாக்குப்பிடித்து நிற்கும் உயிர் எவ்வளவு சிறியதானாலும் அதைப் போற்றி, அது பெருகுவதற்கு இடமும் காலமும் விட்டுக்கொடுப்பவர், அதனால் தாமும் பிழைப்பார்.